பெட்டியில் சிரிக்கிற குடும்பம்: கட்டி விளையாடும் கேம்களை வாங்க முன்னம்

கட்டி விளையாடும் வீடியோ கேம்களை விற்கிற படங்கள் எல்லாம் ஒரே வார்ப்பு. ஒரு சோபா, அதில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள். நாலு பேரும் ரீவியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ரீவியில் என்ன நடக்கிறது என்று பெரும்பாலும் காட்டுவதே இல்லை. 2006இல் நின்டெண்டோ தன்னுடைய 'வீ' இயந்திரத்தை விற்றபோது பரவிய வார்ப்பு இது. அந்த இயந்திரத்துக்கு அது பொருந்தியும் இருந்தது. 'வீ ஸ்போர்ட்ஸ்' டெனிஸில் கையை வீசினால் பந்து போகும். விளையாடுகிறவரின் முகத்தையும் கையையும் காட்டினால் போதும், கேம் என்னவென்று அம்மம்மாவுக்கும் விளங்கிவிடும்.

கட்டுகிற கேமின் கதை வேறு. முதல் நிமிடத்தில் கையில் கிடைப்பது வெறும் தரை, இல்லாவிட்டால் வெறும் கட்டம் போட்ட திரை. "என்ன வேண்டுமானாலும் செய்யலாம்" என்று பெட்டியில் பெருமையாகப் போட்டிருக்கிறதே, அதே வசனம்தான் கேம் பழக்கம் இல்லாதவரை எழும்பி ஓடச் செய்வது. ஆகவே இப்படியான ஒரு கேமை நிறுக்க வேண்டிய இடம் அதன் முதல் அரை மணித்தியாலம். அடுத்தது, பெட்டியில் எழுதாத செலவு. இந்த இரண்டையும் வைத்து மைன்கிராஃப்ட், சூப்பர் மரியோ மேக்கர் 2, கேம் பில்டர் கராஜ், நின்டெண்டோ லபோ என்ற நாலையும் பார்க்கலாம். கணக்கில் எடுத்தது திருகோணமலையில் சாதாரணமாக இருக்கிற ஒரு வீடு: இரண்டு அன்ட்ரொயிட் போன், ஒரு ரீவி, சிம் போடுகிற ரவுட்டர், அலுவலகத்தில் கழித்து விட்ட ஒரு லப்டொப்.

சதுரக் கட்டைகளை அடுக்கி ஒரு உலகத்தையே கட்டுகிற மைன்கிராஃப்டில் இருந்து தொடங்குவோம். 2011 நவம்பரில் முழுப் பதிப்பாக வந்தது. 2014இல் மைக்ரோசொஃப்ட் 2.5 பில்லியன் டொலருக்கு அந்த நிறுவனத்தையே வாங்கியது. 2023இல் விற்பனை 300 மில்லியன் பிரதிகளைத் தாண்டியது. ஆரம்பத்தில் இதைப் பரப்பியது ரீவி விளம்பரமல்ல. ஒருவர் விளையாடுவதை இன்னொருவர் யூடியூப்பில் பார்த்ததுதான். அதனால்தான் பிள்ளைகளுக்கு இது வாங்க முன்னமே தெரியும், பெற்றோருக்கு வாங்கிய பிறகும் தெரியாது.

போனில் வாங்குகிற பதிப்பு ஒரே தடவை காசு கட்டுவது; அமெரிக்க விலை ஏறக்குறைய 7 டொலர். லப்டொப்புக்கு வாங்கியது போனுக்குச் செல்லாது, போனுக்கு வாங்கியது லப்டொப்புக்குச் செல்லாது. இதைச் சொல்லாமல் விற்று, பிறகு வாசலில் சண்டை பிடிக்கிற கடைகள் இருக்கின்றன.

பெரியவர் ஒருவர் முதல் தடவை தொடுவதென்றால், உயிர் தப்பி வாழ வேண்டிய 'சர்வைவல்' முறையில் விடக்கூடாது. கேமில் ஒரு முழு நாள் 20 நிமிடம், அதில் பகல் 10 நிமிடம். நடக்கப் பழகி, மரம் வெட்டப் பழகி முடிய இருட்டிவிடும். சொம்பி வந்து அடிக்கும். தாய் போனை மகனிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார், அதற்குப் பிறகு தொடவே மாட்டார். புது உலகம் உருவாக்கும்போது 'கிரியேட்டிவ்', கடினம் 'பீஸ்ஃபுல்', நிலம் 'ஃபிளாட்', கூடவே நிற்கிற இடத்தை எண்ணில் சொல்கிற ஆயத்தொலைவுகளைக் காட்டுகிற பொத்தானையும் போட்டுவிடுங்கள். இருட்டுவதும் தொல்லை என்றால் பகல் மாறாமல் நிறுத்தி வைக்கவும் வழி உண்டு.

அடுத்த தடுமாற்றம் சாமான் பட்டியல். கிரியேட்டிவ் முறையில் நூற்றுக்கணக்கான கட்டைகள் வரிசையாக நிற்கும். அடியில் உள்ள பட்டையில் ஒன்பது இடம் இருக்கிறது. அதில் கல், பலகை, கண்ணாடி, கதவு, தீப்பந்தம் என்று ஐந்தை மட்டும் போட்டு மிச்சத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்தால் வேலை ஓடும். ஒரு கட்டை ஒரு மீற்றர். சொந்த வீட்டைக் கட்டச் சொல்லுங்கள்: விறாந்தை, அறை, குசினி, பின்பக்கம் கிணறு. சுவர் மூன்று கட்டை உயரம் போதும். இதற்குக் கேம் திறமை வேண்டாம், வீட்டை அளந்த ஞாபகம் இருந்தால் சரி. தகப்பன்மார் இந்த இடத்தில்தான் கதைக்கத் தொடங்குவார்கள், ஏனென்றால் குசினி எத்தனை அடி என்பது மகனுக்குத் தெரியாது.

போன் திரையில் அடிக்கடி பிழைக்கிறது ஒரு விடயம். தட்டினால் கட்டை வைபடும், விரலை அழுத்தி வைத்திருந்தால் கட்டை உடையும். பழக்கமில்லாதவர் விரல் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத் தங்கும். கட்டிய சுவரையே உடைத்துவிட்டு, கேம் பிழை என்று நினைப்பார். தொடுகை அமைப்புக்குள் போய், திரை நடுவில் குறி வைத்து வலது பக்கப் பொத்தானால் வைக்கவும் உடைக்கவும் செய்கிற முறைக்கு மாற்றினால் இந்தத் தொல்லை முக்கால்வாசி குறையும். பாய்கிற பொத்தானை இரண்டு தரம் தட்டினால் பறக்கலாம். கூரை போடும்போது அது தெரிந்திருக்க வேண்டும்.

வீடு சலித்த பிறகு பெரிய வேலை வேண்டும் என்றால் கிண்ணியாப் பாலம் நல்ல திட்டம். 2009இல் திறந்த அந்தப் பாலம் 396 மீற்றர் நீளம், அதாவது 396 கட்டை. கேமில் சாதாரண நடையில் ஒரு கரையில் இருந்து மறு கரைக்கு ஒன்றரை நிமிடம் எடுக்கும். அகலம் பத்துக் கட்டை போட்டால் தளம் மட்டும் 3,960 கட்டை. ஒவ்வொன்றாக வைத்தால் விரல் போய்விடும். கட்டளைகளைத் திறந்துவிடுகிற 'சீட்ஸ்' அனுமதியைப் போட்டு 'ஃபில்' கட்டளையில் இரண்டு மூலைகளின் ஆயத்தொலைவைக் கொடுத்தால் ஒரே தரத்தில் நிரப்பும். ஒரு கட்டளைக்கு எல்லை 32,768 கட்டை, எனவே கணக்குக்கு இடமிருக்கிறது. ஆனால் முழுப் பாலத்தையும் ஒரே கட்டளையில் கொடுத்தால் உலகத்துக்கு வெளியே கட்டை வைக்க ஏலாது என்கிற மாதிரி ஒரு பிழைச் செய்தி வரும். பாலம் உலகத்துக்கு வெளியே போனதல்ல காரணம். போன் தன்னைச் சுற்றியுள்ள சின்ன வட்டத்தைத்தான் நினைவில் வைத்திருக்கும், மறு கரை அந்த வட்டத்துக்குள் இல்லை. 50 கட்டை நிரப்பி, அதில் நடந்து போய், அடுத்த 50 என்று செய்தால் வரும். ஆயத்தொலைவு என்றால் என்ன என்பதைப் பத்தாம் வயதில் இவ்வளவு தெளிவாக விளங்கப்படுத்த வேறு சாமான் குறைவு.

இரண்டு போனில் சேர்ந்து விளையாட டேட்டா செலவழிக்கத் தேவையில்லை. ஒரு போனில் ஹொட்ஸ்பொட் போட்டு மற்றதை அதில் இணைத்து, உலகத்தின் அமைப்பில் பக்கத்து வலையமைப்பில் உள்ளோருக்குக் காட்டு என்பதைத் திறந்தால் போதும். நாலைந்து பேர் வரை இப்படிச் சேரலாம். சேராவிட்டால் மூன்று காரணம் பாருங்கள். இரண்டு போனிலும் பதிப்பு எண் ஒன்றாக இல்லை. அல்லது ரவுட்டரின் விருந்தினர் வலையில் இணைந்திருக்கிறது. அந்த வலை ஒரு கருவியை மற்றதிடம் இருந்து மறைத்துவிடும். அல்லது பிள்ளையின் மைக்ரோசொஃப்ட் கணக்கில் உண்மையான பிறந்த திகதி போட்டு, பெரியவர் கணக்கில் இருந்து பலர் சேர்ந்து விளையாட அனுமதி கொடுக்கவில்லை. மூன்றாவதற்காகப் பிறந்த திகதியைப் பொய்யாகப் போடுகிற வழக்கம் நல்லதல்ல. அனுமதி கொடுக்க ஐந்து நிமிடம் போதும், பொய்த் திகதி போட்டால் அந்நியரின் அரட்டைக்கும் கதவு திறந்துவிடும்.

திருட்டு ஏபிகே கோப்பை (அன்ட்ரொயிட் போனில் அப்பை ஏற்றுகிற கோப்பு) போட்டுத் தருகிற போன் கடைகள் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் கணக்குக்குள் போக ஏலாது, பதிப்பு ஒத்து வராது, அடுத்த முறை வேறு கோப்பு போட்டால் பழைய உலகம் திறக்காது. அந்த உலகம் பிள்ளை ஒரு விடுமுறை முழுக்கக் கட்டினது.

காசு கட்டி வாங்கினவர்களுக்கும் இந்தப் பறிபோதல் நடக்கிறது. போன் பதிப்பில் உலகம் போனுக்குள்ளேதான் இருக்கும். இடம் போதவில்லை என்று அப்பை அழித்தாலும், போனை ரீசெட் பண்ணினாலும், விற்றாலும் உலகமும் சேர்ந்து போய்விடும். உலகத்தின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பென்சில் அடையாளத்தைத் தொட்டு, அடியில் இருக்கும் 'எக்ஸ்போர்ட்' மூலம் ஒரு கோப்பாக எடுத்து வேறு இடத்தில் வைக்கலாம். விளம்பரம் "உங்கள் உலகம்" என்கிறது, அதைக் காப்பாற்றுகிற வழியை எங்கேயும் பெரிதாகச் சொல்லவில்லை.

மைன்கொயின் பற்றியும் அப்படியே. கேமுக்குள் சந்தை ஒன்று இருக்கிறது. உடுப்பு, ஆயத்தமாகக் கட்டிய உலகங்கள் எல்லாம் அங்கே கொயினுக்கு விற்பனை. 1,720 கொயின் 9.99 டொலர் என்ற மாதிரி வட்டமில்லாத எண்களில் விற்பதால் மிச்சம் எப்போதும் கொஞ்சம் தொங்கி நிற்கும், அடுத்த வாங்கலுக்கு இழுக்கும். வங்கிக் காட் இணைத்த போன் என்றால் பிளே ஸ்டோர் அமைப்பில் ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்துவிட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள். இவ்வளவு குறை சொன்னாலும், நாலிலும் முதலிடம் இதற்குத்தான்.

இனி, மற்ற மூன்றும் ஓடுகிற நின்டெண்டோ சுவிட்ச். இந்த இயந்திரத்தைப் பற்றி வாங்க முன்னமே தெரிந்திருக்க வேண்டியது: இலங்கைக்கென்று நின்டெண்டோவின் இணையக் கடையான ஈஷொப் கிடையாது. வேறு நாட்டைக் கணக்கில் போட்டு, அந்த நாட்டின் முன்கொடுப்பனவு இலக்கத்தை வாங்கித்தான் இணையத்தில் கேம் எடுக்கலாம். ஒரு நாட்டு இலக்கம் வேறு நாட்டுக் கணக்கில் ஏறாது. கேம் காட் என்றால் இந்தத் தலையிடி இல்லை, அநேகமாக எந்த நாட்டுக் காட்டும் எந்த நாட்டு இயந்திரத்திலும் ஓடும், அலுத்தால் விற்கவும் செய்யலாம். சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். ஜப்பான், அமெரிக்கப் பெட்டியில் தட்டைக் கால் பிளக் வரும்; மாற்றுப் பிளக் ஒன்று நல்லதாக வாங்குங்கள், ஆடுகிற பிளக்தான் சார்ஜரைச் சாகடிப்பது. ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்குகிற நேரம் கழற்றி வையுங்கள். கேம்கள் நிரப்பித் தருகிறோம் என்று திறந்து மாற்றிய சுவிட்ச் விற்பனைக்கு வரும். அது இணையத்தில் தடைபடும். தனியே விளையாடுகிற கேமுக்கு அது போதும் என்று சிலர் நினைக்கலாம், செய்ததைப் பகிர்வதற்காகவே வாங்குகிற கேமுக்கு அது செத்த மாடு.

அப்படிப் பகிர்வதற்கென்றே வந்ததுதான் சூப்பர் மரியோ மேக்கர் 2. 2019 ஜூன் 28இல் வந்தது, அமெரிக்காவில் 59.99 டொலர். மரியோ ஓடுகிற கட்டங்களை நாமே அடுக்கிச் செய்து பிறருக்கு விளையாடக் கொடுப்பது. முன் பதிப்பை விட இதில் விற்பனை மூளை நன்றாக வேலை செய்திருக்கிறது. கட்ட மனமில்லாதவருக்கென்று நூற்றுக்கும் மேற்பட்ட ஆயத்தக் கட்டங்களோடு ஒரு கதைப் பகுதி வைத்தார்கள். இடிந்த மாளிகையைத் திருப்பிக் கட்டக் காசு சேர்ப்பது கதை. அந்தக் கட்டங்களை விளையாடும்போதே, இதை நானும் செய்யலாம் என்கிற எண்ணம் ஒவ்வொன்றாக வரும். சோபா படத்தை விட இந்த வழி நேர்மையானது. கட்டுவது பற்றி 45 சின்னப் பாடங்களும் உண்டு, படிப்பிக்கிறது ஒரு புறா. பாடங்கள் எங்கே பொறி வைப்பது என்பதோடு நிற்கவில்லை, விளையாடுகிறவரை ஏமாற்றாமல் இருப்பது எப்படி என்றும் சொல்கின்றன.

கட்டுவதற்கு ரீவியை விட்டுவிட்டு இயந்திரத்தைக் கையில் எடுங்கள். விரலால் திரையில் இழுத்து வைப்பது பத்து நொடி வேலை, ரீவியில் குச்சியைத் திருப்பிச் செய்தால் அதுவே ஒரு நிமிடம். பெட்டிப் படத்தில் குடும்பம் ரீவி முன்னால் இருக்கிறது. உண்மையில் கட்டுகிற வேலை மடியில் நடக்கிறது. ரீவியில் இரண்டு பேர் ஆளுக்கொரு ஜொய்கொன்னோடு (சுவிட்சின் கழற்றக்கூடிய கைப்பிடி) சேர்ந்து கட்டவும் முடியும். அண்ணனும் தங்கச்சியும் என்றால் ஒருவர் வைத்ததை மற்றவர் அழிப்பதில்தான் பெரும்பாலும் முடியும்.

செய்த கட்டத்தை இணையத்தில் ஏற்ற முன்னம், செய்தவரே அதை முதலில் இருந்து கடைசி வரை ஓடி முடித்துக் காட்ட வேண்டும். பிள்ளைகள் முட்களால் நிரப்பிய கட்டத்தை வைத்துக்கொண்டு அழுவது இந்த இடத்தில்தான். நல்ல விதி, மாற்றக் கேட்கக் கூடாது. ஆனால் ஏற்றவும் இறக்கவும் வருடச் சந்தா தேவை: ஒருவருக்கு 19.99 டொலர், எட்டுக் கணக்கு வரை சேரக்கூடிய குடும்பச் சந்தா 34.99 டொலர். பெட்டியின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது. சந்தா இல்லாவிட்டால் கதைப் பகுதியும், வீட்டுக்குள் செய்து வீட்டுக்குள் விளையாடுவதும் மட்டும் மிஞ்சும். அது கேமின் அரைவாசி.

பகிர்வு நிலையானதும் அல்ல. முதல் மரியோ மேக்கருக்கு 2021 மார்ச்சுக்குப் பிறகு புதிய கட்டம் ஏற்ற வழியில்லாமல் போனது. 2024 ஏப்ரலில் அது ஓடிய வீ யூ இயந்திரத்தின் இணையச் சேவையே நின்றது. 'விளையாடு, படை, பகிர்' என்று 2008இல் முழங்கி வந்த லிட்டில் பிக் பிளானட்டின் சேர்வர்களும் இன்று இல்லை. விளம்பரத்தில் 'பகிர்' என்று கண்டால், அது எத்தனை வருடத்துக்கு என்று கேட்பது வாங்குகிறவரின் உரிமை.

கேம் பில்டர் கராஜ் 2021 ஜூன் 11இல் வந்தது, 29.99 டொலர். விலை பாதி, ஆழம் கூட. இங்கே நிரல் எழுதுவதற்குப் பதிலாக 'நோடொன்' என்று முகம் வரைந்த சின்னப் பெட்டிகளை வயர் போட்டு இணைக்கிறோம். ஏழு கேம்கள் பாடமாக வருகின்றன. முதல் பாடம் இரண்டு பேர் துரத்திப் பிடிக்கிற கேம். ஒரு பாடத்துக்கு 40 நிமிடத்தில் இருந்து ஒன்றரை மணித்தியாலம் வரை வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு சோதனை: எட்டாமல் நிற்கிற அப்பிளை, படித்ததை வைத்து எட்டச் செய்ய வேண்டும்.

முதல் அரை மணித்தியாலத்தை எடுத்துப் பார்த்தால் இதற்கு நிகர் இல்லை. ஆள் நோடொன் ஒன்றைத் திரையில் வைக்கிறோம். கேம் திரைக்குப் போனால் ஆள் நிற்கிறான், அசையவில்லை. திரும்பி வந்து குச்சி நோடொன்னை வைத்து, அதன் வாயில் இருந்து ஒரு வயரை இழுத்து ஆளின் இடம்-வலம் என்ற துளையில் செருகுகிறோம். கூட்டல் பொத்தானை அழுத்தினால் மறுபடி கேம் திரை. குச்சியைத் தள்ளினால் ஆள் நடக்கிறான். வயரைத் தவறி முன்-பின் என்ற துளையில் செருகியிருந்தால், வலப்பக்கம் தள்ளும்போது ஆள் நம்மை விட்டுத் தூரப் போவான். ஏன் அப்படி என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும். பி பொத்தான் நோடொன்னை 'பாய்' என்ற துளையில் இணைத்தால் பாய்வான். பழக்கமில்லாத பெரியவருக்கும் இது விளங்கும், ஏனென்றால் சுவிச்சில் இருந்து லைட்டுக்கு வயர் போவது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை.

குறைகள் இரண்டு. பாடம் நடக்கும்போது பிழையாகச் செருக விடமாட்டார்கள்; சொன்ன துளையைத் தவிர மற்றதெல்லாம் பூட்டியிருக்கும். அதனால் ஏழு பாடத்தையும் முடித்த பிள்ளைகூடச் சொந்தமாகத் தொடங்கும்போது முழிக்கும். மேலே சொன்ன முன்-பின் பிழை போன்றவை பாடத்துக்கு வெளியே, சுதந்திரப் பகுதியில்தான் நடக்கும். ஆகவே ஒவ்வொரு பாடமும் முடிய அங்கே போய், அதே கேமில் ஒரு விடயத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். பொருள் ஒன்று வைத்தவுடன் கீழே விழுந்து காணாமல் போகிறதென்றால் அதன் அமைப்பில் 'அசையும்' என்பது போட்டிருக்கிறது, அடியில் தரை இல்லை. ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போகிறதென்றால் 'திண்மம்' போடவில்லை. இந்த இரண்டும்தான் புதியவர் சிக்குகிற இடம். ஒரு கேமுக்கு 512 நோடொன் எல்லை. முதல் வருடத்தில் யாரும் தொட மாட்டார்கள்.

மற்றக் குறை மொழி. பாடம் முழுக்கப் பேச்சு, தமிழ் இல்லை, வேகமாகத் தாண்டவும் விடாது. ஆங்கிலம் எழுத்துக் கூட்டி வாசிக்கிற வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும். குடும்பமாக விளையாடுவது என்று பெட்டி சொல்வது இந்த ஒரு விதத்தில் உண்மையாகிறது. ரீவியில் போட்டால், சுவிட்சை ரீவியோடு இணைக்கிற டொக்கில் யூஎஸ்பி மவுஸ் ஒன்றைச் செருகுங்கள், வயர் இழுப்பது பாதி நேரத்தில் முடியும்.

லபோவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2018 ஏப்ரலில் வந்தது, கடதாசி மட்டையை மடித்துப் பியானோ, மீன்பிடித் தடி, மோட்டார்சைக்கிள் கைபிடி செய்து அதற்குள் ஜொய்கொன்னைச் செருகுவது. முதல் தொகுதியில் 28 மட்டைத் தாள். விளம்பரமும் சாமானும் ஒத்துப் போனது இதில்தான் அதிகம். மடிக்கிற வேலையே கேம், அது படத்தில் தெரிந்தது. சின்னக் கார் பத்து நிமிடம், பியானோ இரண்டரை முதல் மூன்றரை மணித்தியாலம். ஆனால் இது கடற்கரை ஊருக்கு வந்த சாமான் அல்ல. மாரி மழையில் மட்டை ஈரம் குடித்து மடிப்பு தளரும். பியானோக் கட்டைகளின் பின்னால் ஒட்டிய மின்னும் ஒட்டிகள் கழன்றுவிடும். வலது ஜொய்கொன்னின் இன்ஃப்ராரெட் கமரா அந்த ஒட்டிகளைப் பார்த்துத்தான் எந்தக் கட்டை அமர்ந்தது என்று அறிகிறது. ஒன்று கழன்றால் அந்தச் சுரம் ஊமை. யன்னல் வெயில் நேரே விழுகிற இடத்தில் வைத்தால் கமரா குழம்பும். சுவிட்ச் லைட்டில் ஜொய்கொன் கழறாது, சுவிட்ச் 2இன் ஜொய்கொன்னில் அந்தக் கமரா இல்லை. பழைய சுவிட்ச் வைத்திருப்பவருக்கு யாராவது பிரிக்காத பெட்டியைச் சும்மா கொடுத்தால் வாங்கலாம்.

றோப்லொக்ஸையும் 'படைக்கிற கேம்' என்றுதான் சொல்லி விற்கிறார்கள். இலவசம். ஆனால் உருவாக்குகிற 'ஸ்டூடியோ' கம்பியூட்டரில் மட்டும்தான், போனில் இல்லை. எனவே போன் மட்டும் உள்ள வீட்டில் பிள்ளை படைப்பாளி அல்ல, றோபக்ஸ் என்கிற கேம் காசு கேட்கிற வாடிக்கையாளர்.

நாலுக்கும் போட்டியாக ஒரு சதமும் இல்லாமல் இருப்பது, கட்டளைக் கட்டைகளை அடுக்கி நிரல் செய்கிற ஸ்கிராட்ச். அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் உருவாகி 2007இல் வந்தது. இணையம் இல்லாமல் ஓடுகிற பதிப்பை ஒரு தடவை இறக்கிப் பழைய லப்டொப்பில் போட்டுவிடலாம். பாடசாலைத் தகவல் தொழில்நுட்பப் புத்தகத்திலும் வருவதால், வீட்டில் செய்ததை வகுப்பில் காட்ட முடியும். இதை விற்க யாரும் இல்லை, அதனால் கடையில் இதன் பெயரே வராது.

கடையில் நடக்கிற கதை பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"தம்பி, இது பிள்ளையின்ர படிப்புக்கு ஏதும் உதவுமோ?"

"ஓம் அக்கா, மூளை நல்லா வேலை செய்யும்."

புலமைப்பரிசில் பரீட்சையைத் தலையில் சுமக்கிற தாயிடம் இப்படிச் சொல்வது விற்பனைக்கு வசதி. முதல் தவணைப் பரீட்சைப் புள்ளி வந்தவுடன் அதே வாக்கு கடைக்குத் திரும்பி வரும், கேமும் அலுமாரிக்கு மேலே போகும். புள்ளி ஏறாது, ஆனால் ஆயத்தொலைவு, 'இப்படி என்றால் அப்படி' என்கிற தர்க்கம், முடித்துக் காட்டுகிற பழக்கம் வரும் என்று சொன்னால் அது உண்மை. சொல்லக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

மத்திய வீதி, என்.சி. வீதிப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் கம்பனிச் சுவரொட்டியை ஒட்டுவதோடு நிற்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு மேசையில் இயந்திரத்தை வைத்து, வெறும் உலகத்தைத் திறந்து விடாமல், பாதி கட்டிய ஒன்றைத் திறந்து வையுங்கள்: ஒரு சுவர் குறைந்த வீடு, நடுவில் ஆறு கட்டை விடுபட்ட பாலம், ஒரு வயர் செருகாத ஆள் நோடொன். வெறும் திரைக்குப் பயப்படுகிற ஆளும் ஓட்டையைக் கண்டால் அடைக்கப் பார்ப்பார். முதலில் பிள்ளையை இருத்தாதீர்கள், தாயையோ தகப்பனையோ இருத்துங்கள். பிள்ளை ஏற்கெனவே வாங்கத் தயார், காசு பெரியவரிடம் இருக்கிறது, பயமும் அவரிடம்தான். பதினைந்து நிமிடம் விடுங்கள், பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லிக் குழப்பாதீர்கள். மேசை போட நல்ல காலம் மார்கழி விடுமுறை. பரீட்சைக்கு முந்திய மாதங்களில் போட்டால் தாய்மார் கடை வாசலையே மிதிக்க மாட்டார்கள்.

மேசையில் ஒரு தாளும் வேண்டும், தமிழில், பெரிய எழுத்தில்: பெட்டிக்குள் என்ன இருக்கிறது, வெளியே என்ன வாங்க வேண்டும். இரண்டாவது ஜொய்கொன், மாற்றுப் பிளக், வருடச் சந்தா, நினைவக அட்டை, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ரூபாயில் விலை. சந்தா இல்லாமல் எது ஓடும், எது ஓடாது என்று ஒரு வரி. ஜொய்கொன் குச்சி தானாக நகரத் தொடங்கினால் கடை எத்தனை மாதம் பொறுப்பெடுக்கும் என்று இன்னொரு வரி. அந்த இயந்திரத்தில் பரவலாக வருகிற வருத்தம் அதுதான், உப்புக் காற்றும் தூசியும் அதற்கு நல்லது செய்யாது.

வாங்குகிறவருக்கு: போன் மட்டும் இருந்தால் மைன்கிராஃப்ட். லப்டொப் இருந்தால் முதலில் ஸ்கிராட்ச், ஒரு மாதம் பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம். சுவிட்ச் ஏற்கெனவே வீட்டில் உண்டு, பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்ட ஒரு ஆளும் உண்டென்றால் கேம் பில்டர் கராஜ். மரியோ மேக்கர் 2 சந்தா கட்டத் தயாரான வீட்டுக்கு. காட்டாகவே வாங்குங்கள், பாவித்த காட் என்றால் காசு கொடுக்க முன்னம் கடையிலேயே செருகி, கதைப் பகுதி திறக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.